மாவுப்பூச்சியை வென்ற குளவி

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு செம்பருத்தி, இரண்டு பப்பாளி மரங்கள், மண்தொட்டிகளில் எட்டுக் கத்தரிச் செடிகள் இருக்கின்றன. இரண்டு ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாத வெயிலில், செம்பருத்தியின் நுனிக் கிளைகளில் யாரோ அரிசி மாவைத் தூவியது போல வெண்மை படர்ந்தது. சில நாட்களில் அது பப்பாளிக்குப் பரவியது. பிறகு கத்தரிக்கு வந்தது. குருத்துகள் சுருண்டன. பிஞ்சுகள் உதிர்ந்தன.

கடையில் கேட்டு ஒரு பூச்சி மருந்தை வாங்கி வந்து அடித்தேன். மருந்து நீர் முத்து முத்தாக உருண்டு தரையில் விழுந்தது. வெண்மை அப்படியே இருந்தது. மூன்று முறை அடித்தேன். ஒரு வாரம் குறைந்தது போலத் தோன்றிய பூச்சி, முன்னிலும் மிகுதியாகத் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு அப்பாலிருந்து, "மருந்து அடிச்ச கத்தரிக்காயைப் பிள்ளைங்களுக்குக் குடுக்கப் போறீங்களா, சார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காய்களைப் பறித்துக் குழி தோண்டிப் புதைத்தேன்.

நான் பௌதிக ஆசிரியன். பூச்சியியல் படித்தவன் அல்லன். ஆயினும் இரண்டு கேள்விகள் என்னை விடவில்லை. மருந்து ஏன் ஒட்டவில்லை? மருந்து அடித்த பிறகு பூச்சி ஏன் பெருகியது? முதல் கேள்விக்கு விடை பௌதிகத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கு விடை, சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாடு முழுவதும் பட்ட ஒரு பாட்டில் இருக்கிறது.

மாவு அல்ல, மெழுகு

இப்பூச்சியின் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. விஞ்ஞானப் பெயர் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ். பெண்பூச்சிக்கு இறக்கை கிடையாது. சுமார் இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள மஞ்சள் நிற உடலின் மேல் வெண்ணிற மெழுகுத் தூளைப் போர்த்திக்கொண்டு, ஊசி போன்ற வாயைச் செடியில் செருகிச் சாற்றை உறிஞ்சியவாறு ஒரே இடத்தில் கிடக்கும். உடலுக்குப் பின்னால் பஞ்சு போன்ற பையில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடும்.

மாவு போலத் தோன்றும் அந்த மெழுகுதான் பூச்சியின் கவசம். "தாமரை இலைத் தண்ணீர்" என்கிறோமே, அதே கதைதான் இங்கும். நீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்த்துக்கொள்ளும் விசை, அவற்றை மெழுகு ஈர்க்கும் விசையைவிட அதிகம். ஆகவே நீர், மெழுகின் மேல் பரவாமல் உருண்டையாகச் சுருண்டு விடுகிறது. இதற்குக் காரணமான பரப்பு இழுவிசை, சாதாரண வெப்பநிலையில் தூய நீருக்குச் சென்டிமீட்டருக்கு சுமார் 72 டைன். சிறிது சோப்பைக் கரைத்தால் இது பாதிக்கும் கீழே இறங்கிவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயையும் மெழுகையும் நாடும். எனவே சோப்பு நீர் உருளாமல் பரவி, மெழுகைக் குலைத்து, பூச்சியின் தோலைத் தொடுகிறது. மெழுகு குலைந்தால் பூச்சியின் உடலிலுள்ள ஈரம் காக்கப்படாது. அது வாடி மடியும்.

நான் தெளித்த விலையுயர்ந்த மருந்து செய்யாததை ஒரு துண்டுச் சோப்பு செய்யக்கூடும்! ஆனால் இதற்கும் எல்லை உண்டு. சோப்பு நீர் தொட்ட பூச்சிதான் சாகும். இலைச் சுருளுக்குள் ஒளிந்திருப்பதும், பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டையும் தப்பிவிடும். தப்பியவை எத்தனை ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தாய்க்கு 100 பெண்குஞ்சுகள் எனக் கொண்டு, எல்லாம் பிழைத்தால், இரண்டாம் தலைமுறையில் 10,000. மூன்றாவதில் 10 லட்சம். ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். இயற்கையில் இவ்வளவும் பிழைப்பதில்லை. ஏன் பிழைப்பதில்லை என்பதுதான் இரண்டாவது கேள்வியின் திறவுகோல்.

விருந்தாளியாக வந்த பகைவன்

பப்பாளி மாவுப்பூச்சியின் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். அங்கே அது பெருந்தொல்லை அல்ல. 1990-களில் கரீபியன் தீவுகளிலும், 1998-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் பரவியது. இந்தியாவில் 2008-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளியின் மேல் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இலங்கையிலும் இந்தோனேசியாவிலும் காணப்பட்டது.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் தமிழ்நாடு பட்ட பாடு கொஞ்சமல்ல. பப்பாளித் தோட்டங்கள் வெளுத்தன. மேற்கு மாவட்டங்களில் பட்டுப்புழுவுக்கான மல்பெரியும், சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளியும் தாக்கப்பட்டன. கத்தரி, வெண்டை, தக்காளி, கொய்யா, செம்பருத்தி, சாலையோரப் பார்த்தீனியம் எதையும் அது விட்டுவைக்கவில்லை. விவசாயிகள் மாற்றி மாற்றி மருந்து அடித்தார்கள். மல்பெரி வளர்ப்போர் நிலை மேலும் இக்கட்டானது: நஞ்சு தெளித்த இலையைத் தின்றால் பட்டுப்புழுவே இறந்துவிடும் அல்லவா?

தாயகத்தில் அடங்கிக் கிடக்கும் பூச்சி இங்கே ஏன் அடங்கவில்லை? அங்கே அதை உண்டு வாழும் சின்னஞ்சிறு குளவிகள் இருந்தன. பூச்சி கப்பலேறியோ விமானமேறியோ வந்தபோது அக்குளவிகள் உடன் வரவில்லை.

ஆகவே விஞ்ஞானிகள் குளவிகளை அழைத்து வந்தார்கள். 2010-இல் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம், அமெரிக்க வேளாண்துறையின் உதவியுடன் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து மூன்று வகைக் குளவிகளைத் தருவித்து, தனிமைக் கூடத்தில் வைத்துச் சோதித்தது. பின்னர் அவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்களில் பெருக்கப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் முதல் வயல்களில் விடப்பட்டன. மூன்றில் சிறந்து விளங்கியது அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் குளவி. அதன் நீளம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மனிதரைக் கொட்டுவதும் இல்லை. மாவுப்பூச்சியின் குஞ்சைத் தேடிப்பிடித்து அதன் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, ஓட்டைத் துளைத்துக்கொண்டு குளவியாக வெளிவரும். சில மாதங்களுக்குள் வயல்கள் பச்சை திரும்பின.

பூச்சி அறவே ஒழிந்துவிட்டதா? இல்லை, ஒழியவும் வேண்டியதில்லை. இஸ்திரிப் பெட்டியிலுள்ள தெர்மோஸ்டாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சூடு ஏறினால் மின்சாரத்தை நிறுத்தும். ஆறினால் மீண்டும் செலுத்தும். பூச்சி பெருகினால் குளவிக்கு இரை பெருகும். குளவி பெருகினால் பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் குளவியும் குறையும். இரண்டும் சிறு எண்ணிக்கையில் நிலைத்திருக்கும்.

இப்போது என் தவறு விளங்குகிறது. மெழுகுக் கவசம் அணிந்த பூச்சி என் மருந்துக்குத் தப்பியது. கவசமில்லாத குளவி மடிந்தது. நான் தெர்மோஸ்டாட்டை உடைத்துவிட்டு, பெட்டி ஏன் சுடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்!

நண்பன் யார், பகைவன் யார்?

மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அவற்றைவிடப் பருத்து, வெண்ணிற மெழுகு இழைகள் நீண்டு தொங்க, விரைவாக ஊர்ந்து செல்லும் புழு ஒன்றைக் கண்டால் நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் எனப்படும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் இளம்புழுவாக இருக்கலாம். மாவுப்பூச்சியைப் போலவே வேடம் பூண்டு மாவுப்பூச்சியைத் தின்பது அது. ஸ்பால்ஜிஸ் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் இவ்வாறே வெண்பொடி பூசிக்கொண்டு வேட்டையாடும். "பெரிய மாவுப்பூச்சி" என்று எண்ணி இவற்றைக் கொன்றவர்கள் பலர்; நானும் ஒருவன்.

எறும்புகளைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, குளவிகளையும் பொறிவண்டுகளையும் விரட்டுகின்றன. அந்த இனிப்பின் மேல்தான் கரும்பூசணம் படர்ந்து இலை கருக்கிறது. தண்டில் எறும்புச் சாரி தென்பட்டால், மேலே ஏதோ சாறு உறிஞ்சுகிறது என்று பொருள்.

வீட்டுத் தோட்டத்தில் செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை இலைகளின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இரண்டொரு குருத்தில் மட்டும் பூச்சி இருக்கும்போதே அதை வெட்டி, ஒரு பைக்குள் கட்டி வெயிலில் போடுங்கள். தெருவில் எறிந்தால் அடுத்த வீட்டுக்குப் போகும். குழாய் நீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பகுதி உதிர்ந்துவிடும். வேலியோரப் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடுங்குங்கள். எறும்பு ஏறாமல் தொட்டிகளை நீர் நிறைந்த தட்டில் நிறுத்தலாம்; தட்டு நீரை அடிக்கடி மாற்றுங்கள், இல்லையேல் கொசு வளரும்.

இதற்கும் அடங்காவிட்டால், 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது காதி சோப்பைக் கரைத்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் தெளித்து, கருகவில்லை என்று கண்ட பிறகே செடி முழுவதும் தெளிக்கவும். உங்கள் கிணற்று நீர் கடினநீரானால் சோப்பு நுரைக்காமல் திரிந்து வீணாகும். மழைநீரோ மென்னீரோ நல்லது. சந்தேகம் இருந்தால், புதுச்சேரி வாசகர்கள் குரும்பாபேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் மாதிரி இலையைக் காட்டிக் கேட்கலாம்.

இந்தப் பாடம் பப்பாளியோடு முடியவில்லை. 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறோர் இனம் கேரளத்தில் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டு மரவள்ளியையும் தாக்கியது. 1980-களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியைக் காத்த குளவியையே 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து, 2022-இல் இங்கே விட்டார்கள்.

ஒரு சோதனை செய்யுங்கள்

மாவுப்பூச்சி உள்ள இலை ஒன்றைக் கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி, நிழலில் இரண்டு மூன்று வாரம் வையுங்கள். பழுப்பேறி உப்பிய பூச்சிகளில் வட்டத் துளைகள் தோன்றுகின்றனவா? மிகச் சிறிய உயிர்கள் பறக்கின்றனவா? உருப்பெருக்கும் லென்சால் பாருங்கள். ஒரு சோடி இறக்கையும் வாலில் வெண்ணிழையும் இருந்தால் அது மாவுப்பூச்சியின் ஆண். இரண்டு சோடி இறக்கைகள் இருந்தால் அது உங்கள் நண்பன். அதைத் தோட்டத்தில் பறக்க விடுங்கள்.

நான் மருந்து அடிப்பதை நிறுத்தி அடுத்த தை மாதத்தில் எங்கள் வீட்டுப் பாட்டிலில் பதினொரு குளவிகள் வெளிவந்தன. அவ்வாண்டுக் கத்தரிக்காயில் ஒரு கூடையைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் தயங்காமல் கொடுத்தேன்.