50 வயதுக் குட்டிக் கார்: "விண்டேஜ்" பதிவு வாங்கலாமா?

பனித்திட்டு மாதிரி கடலோர ஊர்ச் சந்துக்குள் பழைய "ஸ்டாண்டர்டு ஹெரால்டு" நுழைந்தால் டீக்கடையே திரும்பிப் பார்க்கும்! சென்னை ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-ல் இறக்கிய குட்டிக் கார். 25 அடி இடம் போதும், ஜோராகத் திரும்பிவிடும்.

ஆனால் பர்சு காலி! 20 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க, 2025 ஆகஸ்டு முதல் ரூ.10 ஆயிரம். 2022-க்கு முன்பு வெறும் ரூ.600தான்!

50 வருஷம் ஆன காருக்கு "விண்டேஜ்" பதிவு உண்டு. கட்டணம் ரூ.20 ஆயிரம், 10 வருஷம் செல்லும். அங்கேதான் சிக்கல்! 2021 விதிப்படி கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல், பழுது என்றால்தான் ரோட்டில் எடுக்கலாம். தினம் ஆபீசுக்கு ஓட்ட முடியாது.

ஓட்டுகிற சுகம் வேண்டுமா? சாதாரணப் பதிவையே விடாமல் புதுப்பியுங்கள். ஓடினால்தானே சார், கார்!