மிச்சம் பிடிப்பதிலும் கணக்கு வேண்டும்

"இந்தப் போகத்துக்கு விதை வாங்கவில்லை, வீட்டு விதைதான்" என்று சொல்லும்போது சிறு விவசாயியின் குரலில் தனிப் பெருமை தெரியும். மழைக்குக் கோணிப்பையை மடித்துக் கொங்காணியாகப் போட்டுக்கொள்வது, பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக அறுத்துக் கயிறாகப் பயன்படுத்துவது, அரிசி கழுவிய நீரை மாட்டுக்கும் பாத்திரம் கழுவிய நீரை வாழைக்கும் விடுவது, கோடையில் மரத்தடி வேப்பம் பழங்களைப் பொறுக்கி வைப்பது ஆகிய எல்லாமே டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்ளும் சங்கதிகள்தான். பட்டணத்தில் சிலர் தங்கள் சிக்கனத்தை மறைப்பார்கள். கிராமத்தில் அதை மறைப்பவர் குறைவு. இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கு விளைச்சலில் கிடைக்கும் லாபத்தைப் போலவே, செலவழிக்காமல் விட்டதும் ஒரு லாபம். ஆகவே அந்தப் பெருமை நியாயமானதே.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. மிச்சமான ரூபாய் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் ஏற்படும் நஷ்டம் தெரிவதில்லை. முளைக்காத விதையும், காற்றில் கலந்துவிட்ட தழைச்சத்தும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. பரம்பரையாக வரும் சிக்கனப் பழக்கங்களில் பலவற்றை வேளாண்மை ஆராய்ச்சியும் சரியென்றே ஒப்புக்கொள்கிறது. சில பழக்கங்களோ மிச்சப்படுத்துவதைவிட அதிகமாக இழக்கச் செய்கின்றன. ஒன்றிரண்டு உயிருக்கே ஆபத்தானவை.

வீட்டு விதை

முதலில் விதை. சொந்த விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைப்பது சட்டப்படியும் விவசாயியின் உரிமை. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மற்றவரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையை வணிகப் பெயரிட்டு விற்பதை மட்டுமே அது தடுக்கிறது. வீரிய ஒட்டு ரகங்களுக்கு வீட்டு விதை பயன்படாது. அவற்றின் விளைச்சலை மீண்டும் விதைத்தால் பயிர் உயரத்திலும் முதிர்ச்சியிலும் பலவிதமாகப் பிரிந்து, விளைச்சல் குறைந்துவிடும். சாதாரண ரகங்களுக்கு வீட்டு விதை நல்லதே. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்று பெற்ற விதை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

தவறு நடப்பது விதை எடுக்கும் முறையில். அந்தக் காலத்தில் களத்தில் கதிரை அடிக்கும்போது முதல் அடியில் உதிரும் தலையடி நெல்லையே விதைக்கு ஒதுக்குவார்கள். நன்கு முற்றித் திரண்ட மணிதான் முதல் அடியில் விழும் என்பது அனுபவத்தில் கண்ட உண்மை. இப்போது பெரும்பாலான வயல்களில் இயந்திரமே அறுக்கிறது. முந்தின நாள் வேறு ஊரில் வேறு ரகம் அறுத்த இயந்திரத்தில் அந்த நெல்லும் கொஞ்சம் தங்கியிருக்கும். அது விதையில் கலந்தால் மறு ஆண்டு வயலில் கலவன் தலைகாட்டும். ஆகவே விதைக்கென்று வயலின் நடுப்பகுதியில் மூன்று சென்ட் அளவு ஒதுக்கி, பூக்கும் பருவத்திலும் அறுவடைக்கு முன்பும் கலவன்களைப் பிடுங்கிவிட்டு, அதை மட்டும் கையால் அறுத்துத் தனியாக அடித்துக்கொள்ளலாம். சாதாரண விளைச்சல் இருந்தாலே ஓர் ஏக்கர் நடவுக்கு வேண்டிய விதை கிடைத்து மிஞ்சும்.

விதை நெல்லை உச்சி வெயிலில் காய வைக்கக் கூடாது. பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நிழலுக்கு மாற்றிவிட்டு, காலை மாலை வெயிலில் ஈரப்பதம் 13 சதத்துக்கு வரும்வரை காய வைக்க வேண்டும். உரம் வந்த பையைக் கழுவி அதில் விதையைக் கட்டி வைப்பது பலருடைய வழக்கம். தையல் இடுக்குகளில் எஞ்சியிருக்கும் உர உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து விதைக்குக் கொடுத்துவிடும். பையில் மிச்சமான சில ரூபாய் முளைப்புத்திறனில் போய்விடும். உரப்பை களத்தில் விரிக்கவும் தலையில் போட்டுக்கொள்ளவும் இருக்கட்டும். விதைக்குச் சுத்தமான கோணியோ, மண் குதிரோ, பத்தாயமோ ஏற்றது.

விதைப்பதற்கு மூன்று வாரம் முன்னதாக நூறு விதைகளை எண்ணி எடுத்து, ஓர் இரவு ஊற வைத்து, நனைத்த கோணித் துண்டில் வரிசையாகப் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து நீர் தெளித்து வந்தால் ஒரு வாரத்தில் விவரம் தெரிந்துவிடும். நெல்லில் 80-க்குக் குறையாமலும் உளுந்தில் 75-க்குக் குறையாமலும் முளைத்திருக்க வேண்டும். இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை. முளைப்புக் குறைவு என்று தெரிந்தால் வேறு விதை தேட மூன்று வார அவகாசமும் இருக்கிறது. சில நெல் ரகங்களுக்கு அறுவடையை அடுத்துச் சில வாரம் விதை உறக்கம் உண்டு. அந்தச் சமயத்தில் சோதித்துவிட்டு நல்ல விதையைக் கெட்ட விதை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

அடுத்து உப்புக் கரைசல். 10 லிட்டர் நீரில் புதிய கோழி முட்டை ஒன்றைப் போட்டால் அது அடியில் போய்த் தங்கும். கல் உப்பைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கிவர முட்டை மேலெழும். அதன் மேற்பகுதி பழைய நாலணா காசு அகலம் நீருக்கு வெளியே தெரியும்போது உப்பை நிறுத்திவிட வேண்டும். 2011-இல் செல்லாததாகிவிட்ட நாலணாவை இளைய விவசாயிகள் பலர் கையில் பிடித்திருக்க மாட்டார்கள். ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு ஒன்றரைக் கிலோ உப்பு பிடிக்கும். உப்பின் தரத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம் அல்லது குறையலாம். இந்தக் கரைசலில் 10 கிலோ விதையைக் கொட்டிக் கிளறினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். அவற்றை அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கியதை உடனே இரண்டு மூன்று தடவை நல்ல நீரில் கழுவ வேண்டும். கழுவத் தாமதித்தால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். அதே கரைசலில் அடுத்த 10 கிலோவையும் போடலாம், முட்டையைப் போட்டு மறுபடி அளவு பார்த்துக்கொண்டால் சரி. அரித்து எடுத்ததையும் வீணாக்க வேண்டியதில்லை. நன்றாகக் கழுவிக் காய வைத்தால் கோழிக்கு ஆகும்.

முளைக்கும் விதையை மட்டும் விதைத்தால் விதையளவு தானே குறையும். "எதற்கும் இருக்கட்டும்" என்று கூடுதலாக ஒரு மரக்கால் அள்ளிப் போடுவது ஐயத்துக்காகச் செய்யும் செலவு. அப்படிப் போட்ட நாற்றங்காலில் நாற்று நெருங்கி, மெலிந்து, வெளிறி நிற்கும்.

பயறுப் பானை

பயறு விதையைக் காப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் பொறுப்பு. அவர்களுடைய கைமுறைகள் வேளாண்மைப் புத்தகங்களுக்கு முந்தியவை. துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டிக் காய வைத்துப் பானையில் கட்டி வைப்பது தென் மாவட்டங்களில் பழைய வழக்கம். பயறு வண்டு மணியின் மேல்தோலில்தான் முட்டையிடும். அங்கே மண் பூச்சு இருந்தால் அதற்கு வசதியில்லை. சலித்த அடுப்புச் சாம்பலைக் கலந்து வைப்பதிலும் இதே தத்துவம்தான். விதைக்கென்று வைக்கும் பயறாயின் கிலோவுக்கு 10 மில்லி வேப்பெண்ணெய் விட்டுப் புரட்டி வைக்கலாம். சமையலுக்கானால் சமையல் எண்ணெய்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். இந்த வண்டு பெரும்பாலும் வயலிலேயே, முற்றிய காயில் முட்டையிட்டுத் தானியத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆகவே அறுத்து உலர்த்தியதும் தாமதமின்றிப் பூச்சு வேலையை முடித்துவிட வேண்டும். ஓட்டை விழுந்த பிறகு சாம்பல் போட்டுப் பயனில்லை.

எருக்குழி

"என் வயலுக்கு வீட்டு எருதான்" என்பது அடுத்த பெருமை. அந்த எரு எப்படிச் சேர்கிறது என்று பார்த்தால் பெருமை சற்றுக் குறைந்துவிடும். கொட்டகை ஓரம் தரைமேல் குவித்து, ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் கிடந்த குப்பையைத்தான் பல வீடுகளில் எரு என்கிறார்கள். வெயில் தழைச்சத்தை ஆவியாக்கிவிடும். மழை சாம்பல் சத்தைக் கரைத்துத் தெருவில் ஓட விட்டுவிடும்.

அதைவிடப் பெரிய இழப்பு கோமியம். சாணத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குக்கும் குறைவு. மாட்டுச் சிறுநீரில் ஏறக்குறைய ஒரு பங்கு. நாளைக்கு 5 லிட்டர் என்று குறைவாகக் கணக்கிட்டாலும் ஒரு மாட்டிடமிருந்து 50 கிராம் தழைச்சத்து, ஆண்டுக்கு 18 கிலோ. இப்போது 45 கிலோவாக வரும் யூரியா மூட்டையில் இருப்பது ஏறக்குறைய 20 கிலோ. அதாவது ஒரு மாடு ஆண்டுதோறும் கிட்டத்தட்ட ஒரு மூட்டை யூரியாவின் சத்தைக் கொட்டகைத் தரையில் ஊற்றுகிறது. சாணத்தைப் பொறுக்குவதில் காட்டும் அக்கறை இதில் இல்லை. முழுவதையும் பிடிக்க முடியாதுதான். ஆனாலும் மாலையில் மாட்டின் காலடியில் வைக்கோல் கழிவு, உதிர்ந்த இலை, கரும்புச் சோகை என்று கிடைத்த கூளத்தைப் பரப்பி வைத்தால் இரவுச் சிறுநீரில் பெரும்பகுதியை அது உறிஞ்சிக்கொள்ளும். காலையில் சாணத்தோடு சேர்த்து வாரிக் குழியில் போடலாம்.

குழி 20 முதல் 25 அடி நீளம், 5 முதல் 6 அடி அகலம், 3 அடி ஆழம் இருக்கலாம். மர நிழலில், மழை நீர் வந்து விழாத மேட்டில் இருப்பது நல்லது. ஒரே சமயத்தில் குழி முழுவதும் பரப்பாமல் ஒரு முனையிலிருந்து நிரப்பிவர வேண்டும். நிரம்பிய பகுதி தரைக்கு மேல் ஒன்றரை அடி உயர்ந்ததும் மேலே மண்ணும் சாணமும் குழைத்து மெழுகிவிட்டால் நாலைந்து மாதத்தில் மக்கிய எரு தயார். ஒரு மாடு, இரண்டு மாடு வைத்திருப்பவர்கள் குழியின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளலாம், ஆழத்தைக் கூட்ட வேண்டாம்.

அடுப்புச் சாம்பலையும் அதே குழியில் கொட்டுவது பல வீடுகளில் காலைப் பழக்கம். எதையும் வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால் சாம்பல் காரத்தன்மை உடையது. சாணமும் சிறுநீரும் உள்ள குழியில் அது சேர்ந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகி மேலே போய்விடும். குழியருகே மூக்கைத் துளைக்கும் நெடி அதுதான். சாம்பலைத் தனியாகச் சேர்த்துத் தென்னைக்கும் வாழைக்கும் இடலாம், அவற்றுக்குச் சாம்பல் சத்து நிறைய வேண்டும். சாம்பலை யூரியாவோடும் கலக்கக் கூடாது.

வரட்டி தட்டுவோர் இப்போது குறைந்துவிட்டனர். தட்டுபவர்கள் அறிய வேண்டியது, எரிக்கும்போது தழைச்சத்து முழுவதும் புகையோடு போகிறது என்பது. சாண எரிவாயுக் கலனில் அந்த இழப்பு இல்லை. எரிபொருளும் கிடைக்கும், வெளிவரும் கரைசலில் தழைச்சத்தும் தங்கும். ஒரு கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிலோ சாணம் வேண்டும்.

கழுநீரும் மிச்சச் சோறும்

கழுநீர்ப் பானை இருக்கும் வீட்டில் மாடு கொழுகொழுவென்றிருக்கும் என்பார்கள். அரிசி கழுவிய நீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் மாட்டுக்கு நல்லவையே. பொங்கலுக்கும் கல்யாண வீட்டுக்கும் மறுநாள்தான் ஆபத்து. மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் "வீணாவானேன்" என்று அண்டா அண்டாவாக மாட்டின் முன்னால் வைத்துவிடுகிறார்கள். பழக்கமில்லாத மாவுப்பொருள் ஒரே சமயத்தில் சேர்ந்தால் வயிற்றில் அமிலம் சுரந்து, அசைபோடுவது நின்று, மாடு படுத்துவிடும். உடனே கால்நடை மருத்துவரை அழைக்காவிட்டால் இறந்தும் போகும். ஒரு கறவை மாட்டின் விலையோடு ஓர் அண்டாச் சோற்றின் விலையை ஒப்பிட வேண்டியதில்லை. இரண்டு கைப்பிடிக்கு மேல் மிஞ்சினால் எருக்குழிக்குப் போகட்டும்.

காலி டப்பா

எல்லாவற்றிலும் கொடியது பூச்சிமருந்து டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வீட்டுக்குக் கொண்டுவருவது. கெட்டியான மூடி, கைப்பிடி, நல்ல பிளாஸ்டிக் என்று தூக்கியெறிய மனம் வராது. மண்ணெண்ணெய்க்கு என்று தொடங்கி நாளடைவில் அது சமையல் எண்ணெய்க்கும் குடிநீருக்கும் வந்துவிடுகிறது. பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து எத்தனை தடவை கழுவினாலும் முழுவதும் போகாது. எண்ணெயில் அது எளிதில் கரைந்து இறங்கும்.

2013 ஜூலையில் பீகாரின் சரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது பரிசோதனையில் தெரியவந்தது. மருந்து இருந்த டப்பாவில் எண்ணெய் வைக்கப்பட்டிருக்கலாம் என்று அதிகாரிகள் அப்போதே ஐயப்பட்டனர்.

டப்பாவில் மிச்சம் பிடிக்க வேண்டியது உள்ளே ஒட்டியிருக்கும் மருந்தைத்தான். கடைசித் துளியை ஊற்றியதும் டப்பாவில் கால் பாகம் நீர் விட்டு, மூடிக் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்ற வேண்டும். இவ்வாறு மூன்று முறை செய்தால் காசு கொடுத்து வாங்கிய மருந்து முழுவதும் பயிருக்குப் போய்ச் சேரும். டேங்கில் அளவு நீர் நிரப்புமுன்பே இதைச் செய்துகொள்வது வசதி. கையுறை இல்லாமல் செய்யக் கூடாது. பிறகு அங்கேயே டப்பாவின் அடியிலும் பக்கங்களிலும் அரிவாளால் குத்தி ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டை டப்பாவை யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகமாட்டார்கள். மருந்து இருந்த கலங்கள் மறுபடி பயன்படாதவாறு உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளும் கூறுகின்றன. கிணறு, குளம், வாய்க்கால் பக்கம் புதைக்கக் கூடாது, எரிக்கவும் கூடாது.

ஏற்கெனவே வீட்டில் மண்ணெண்ணெயோ, எண்ணெயோ, தண்ணீரோ, விதைப் பயறோ நிரப்பி வைத்த மருந்து டப்பாக்கள் இருந்தால், சமையலறையிலும் கொட்டகையிலும் தேடி, உள்ளே இருப்பதையும் பயன்படுத்தாமல் அப்புறப்படுத்திவிட வேண்டும்.