வாக்குச்சீட்டு இல்லாதவர்களின் தலைவர்

தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்பார்கள். குறித்த எடைக்குக் கொழுந்து பறித்தால் செக்ரோலில் முழுப் பேர் விழும். குறைந்தால் அரைப் பேர்தான். வாக்காளர் பட்டியலிலோ, 1949க்குப் பிறகு மலையகத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்கு அரைப் பேர்கூட இல்லாமல் போயிற்று. அந்த மக்களின் தலைவராக அரை நூற்றாண்டுக்கு மேல் அரசியல் நடத்தியவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

1913இல் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவின் முனைப்புதூரில் பிறந்தவர். தகப்பனார் கருப்பையா கங்காணியாக இருந்து, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். முதலாளி வீட்டுப் பிள்ளை தொழிலாளர் தலைவரானது எப்படி? 1939இல் நேரு இலங்கை வந்தபோது பிறந்தது இலங்கை இந்தியக் காங்கிரஸ். அதன் கம்பளைக் கிளை வழியாகப் பொதுவாழ்வுக்கு வந்த தொண்டமான், 1945இல் அதன் தலைவரானார். 1947 தேர்தலில் காங்கிரஸுக்கு ஏழு ஆசனங்கள். நுவரெலியாவில் அவர் வென்றார், தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை வென்றார்.

அந்த ஏழு ஆசனங்கள்தாம் அரசின் கண்ணை உறுத்தின. 1948 குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கைப் பறித்தது. எதிர்த்து 1952இல் கொழும்பில் ஏறக்குறைய 140 நாட்கள் சத்தியாக்கிரகம் நடந்தது. சட்டம் அசையவில்லை.

ஏறக்குறைய இதே காலத்தில் அர்ஜென்டினாவில் ஹுவான் பெரோன் தொழிலாளர் ஆதரவோடு 1946இல் ஜனாதிபதியானார். அவருடைய தொழிலாளரிடம் வாக்கு இருந்தது. தொண்டமானுடைய ஆட்களிடம் இருந்தவை இரண்டு: மாதாமாதம் சம்பளத்தில் பிடிபடும் சங்கச் சந்தா, கொழுந்து பறிக்கும் கை. நாட்டின் அந்நியச் செலாவணியே தேயிலையை நம்பியிருந்ததால், அந்தக் கை நின்றால் கொழும்புக்கு வலிக்கும். இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தார். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் எனப் பெயர் மாறிய அமைப்பை, 1956இல் சக தலைவர் அப்துல் அஸீஸ் பிரிந்துபோன பின்னும் கட்டிக்காத்தார். 1960இலும் 1965இலும் நியமன உறுப்பினராகவே பாராளுமன்றம் போனார்.

1964 அக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட சனத்திடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாருக்குப் போன கோச்சியில் அக்கா ஏறினாள், தங்கச்சி ஸ்டேஷனில் நின்றாள். அந்த அழுகையை நினைக்கும்போது இன்றும் நெஞ்சு கனக்கிறது.

செல்வநாயகம், ஜி.ஜி. பொன்னம்பலம் ஆகியோரோடு 1972இல் தமிழர் கூட்டணியில் கைகோத்தவர், 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது விலகி நின்றார். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே லயங்களில் வாழும் சனத்துக்கு அது வழியல்ல என்பது அவர் கணக்கு. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்று உறுப்பினர்களில் ஒருவராக, 30 ஆண்டுக்குப் பின் மறுபடி மக்கள் வாக்கால் வென்றார். 1978இல் ஜே.ஆர். ஜயவர்த்தன அமைச்சரவையில் சேர்ந்தார்.

1983 கலவரத்துக்குப் பிறகும் அமைச்சராகத் தொடர்ந்ததைப் பலர் மன்னிக்கவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் உள்ளே இருந்துகொண்டே அவர் வேலைநிறுத்தமும் நடத்தினார். 1984 போராட்டத்தின் பலனாக ஆண், பெண் நாட்சம்பளம் சமமானது. 1986 தைப்பொங்கலன்று குடியுரிமை கேட்டுத் தொடங்கியது பிரார்த்தனைப் போராட்டம். காலையில் மலைக்கு ஏறாமல் சாமி கும்பிடுவதுதான் போராட்டம்! கும்பிடுகிறவர்களை எந்தத் துரை விரட்ட முடியும்? சில நாட்களிலேயே அரசு இறங்கிவந்தது. அந்த ஆண்டுச் சட்டத்தால் 94,000 பேருக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும் குடியுரிமைக் கதவு திறந்தது. ஆயுதம் ஏந்தாமல் பெற்ற இந்த வெற்றிதான் அவருடைய சாதனைகளில் முதன்மையானது.

நான்கு ஜனாதிபதிகளின் கீழ் அமைச்சராக இருந்தவர், 1999 அக்டோபர் 30இல் பதவியிலேயே காலமானார். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக 35 ஆண்டு. எஞ்சிய நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

சங்கத்தை ஒரு குடும்பத்தின் கைக்குள் விட்டுச் சென்றதும், காணி, வீட்டு உரிமையை முடிக்காமல் போனதும் அவர் கணக்கில் குறையாகவே நிற்கும். இன்றும் எத்தனையோ குடும்பங்கள் வெள்ளைக்காரன் காலத்து லயக் காம்பிராவில்தான் இருக்கின்றன. வாக்குச்சீட்டு கிடைத்துவிட்டது, காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. அடுத்த முறை தோட்டத்துக்கு வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அதைக் கேளுங்கள்.