கண்ணாடி இழையில் ஒளி எங்கே தொலைகிறது?

பைபர் இணைப்பு உள்ள வீடுகளில் மோடத்தின் பின்னால் மெல்லிய வயர் ஒன்று செருகப்பட்டிருக்கும். அதற்குள் இருப்பது கண்ணாடி இழை. அதில் மின்சாரம் அல்ல, ஒளிதான் வருகிறது. என் வீட்டில் இந்த வயர் நீளமாகத் தொங்குகிறதே என்று இறுக்கிச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். உடனே மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தது. சிக்னல் வரவில்லை என்று அதற்குப் பொருள். சாப்ட்வேர் எஞ்சினியரான நான் கம்ப்யூட்டரை இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன்! வந்த டெக்னீஷியன் ரப்பர் பேண்டைக் கழற்றினார், இணைப்பு திரும்ப வந்துவிட்டது.

பல கிலோமீட்டர் கடந்து வந்த ஒளி, மேஜைக்குப் பின்னால் தொலைந்தது எப்படி? இழையின் நடுப்பகுதியைச் சுற்றி வேறு வகைக் கண்ணாடி உறை போல இருக்கும். ஒளி அந்த உறையில் பட்டு உள்ளேயே திரும்பும். வளைவு மிகக் குறுகினால் அதைத் தாண்டி வெளியே கசிந்துவிடும்.

வளைக்காவிட்டாலும் இழப்பு உண்டு. இதை டெசிபலில் அளக்கிறார்கள். 3 டெசிபல் போனால் ஒளி பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1960களின் கண்ணாடியில் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1000 டெசிபல் இழப்பு. 3 மீட்டரிலேயே பாதி காலி. இதற்குக் காரணம் கண்ணாடி அல்ல, அதில் கலந்த அசுத்தங்களே என்று 1966-ல் இங்கிலாந்தில் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் காட்டினார்கள். 20 டெசிபலுக்குக் குறைத்தால் போதும் என்றார்கள். 1970-ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் 17-ஐ எட்டியது. இப்போதைய சிலிக்கா இழையில் 0.2 டெசிபல்தான். 15 கிலோமீட்டர் போன பிறகே ஒளி பாதியாகும்.

இன்னும் குறைக்க முடியாதா? சிலிக்கா, குறைந்த அலைநீள ஒளியைச் சிதறடிக்கும். அதிக அலைநீள ஒளியை விழுங்கிவிடும். 1550 நானோமீட்டர் அருகில்தான் இரண்டு தொல்லையும் குறைவு. 1970களில் பிரான்சின் ரென் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்த புளோரைடு கண்ணாடி, அதிக அலைநீள ஒளியையும் விழுங்காமல் விடுகிறது. கணக்குப்படி இழப்பு 0.01 டெசிபல் வரை இறங்க வேண்டும். ஆனால் சூடாக்கி இழையாக இழுக்கும்போது உள்ளே நுண்ணிய படிகங்கள் தோன்றி ஒளியைச் சிதறடிக்கின்றன. ஈர்ப்பு விசையின் தாக்கம் இல்லாவிட்டால் படிகம் குறையும் என்பதால், 2024-ல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதைக் கிலோமீட்டர் கணக்கில் இழுத்துப் பார்த்தார்கள். எளிதில் முறியும், விலையும் அதிகம் என்பதால் லேசர், மருத்துவக் கருவிகள் போன்ற இடங்களில்தான் இப்போது இதற்கு வேலை.

உங்கள் வீட்டுக்கு வருவது சிலிக்காதான். மிச்ச வயரைச் சுருட்டியே ஆக வேண்டும் என்றால், சிறு தட்டு அளவு வட்டமாகத் தளர்வாகச் சுருட்டி வைத்திடுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம்.