மலைமுகட்டு மாளிகைகள் – 9: சந்தேகம் யார் மீது?

துப்பறியும் நாவல் இங்கிலாந்தில் உச்சம் பெற்ற 1920களும் 1930களும், இலங்கையின் ஊவா மாகாணத்து மலைமுகடுகளில் தோட்டத் துரைமார் பங்களாக்கள் முழுப் பகட்டோடு நின்ற காலமும் ஒன்றே. அந்நாவல்கள் பெரிதும் விரும்பிய களம் நாட்டுப்புற மாளிகை, அதாவது நகரத்திலிருந்து விலகி, நிலபுலமும் பூங்காவும் பணியாட்களும் சூழ ஒரு செல்வக் குடும்பம் வாழ்ந்த பெரிய வீடு. அத்தகைய வீட்டைக் கட்டுவதற்கான செல்வத்தின் ஒரு பகுதி குடியேற்ற நாடுகளின் தோட்டங்களிலிருந்தே வந்தது என்பதையும், அத்தோட்டங்களில் எழுந்த வீடுகள் அதே வடிவத்தைப் பின்பற்றின என்பதையும் சேர்த்து நோக்கினால், குற்றக் கதை எழுதிய கைகளுக்கும் பதுளை, அப்புத்தளைப் பகுதிகளின் தேயிலை மலைகளுக்கும் இடையிலான தொடர்பு தெளிவாகும்.

அப்புத்தளையில் உள்ள அடிசம் மாளிகை இதற்கு மிகச் சிறந்த சான்று. 1887இல் இலங்கைக்கு வந்து, தோட்டத் தொழிலைப் பழகும் இளம் பயிற்சித் துரையாக வாழ்வைத் தொடங்கி, பின்னர் கொழும்பின் ஜோர்ஜ் ஸ்டூவர்ட் நிறுவனத்தின் தலைவராக உயர்ந்த சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் இதைக் கட்டி முடித்தார். பிரித்தானியப் பிரதமராயிருந்த ஜோன் ரஸ்ஸல் பிரபுவின் பேரரான அவர், கெண்ட் பகுதியில் தம் குடும்பத்தோடு தொடர்புடைய ஒரு கிராமத்தின் பெயரையே வீட்டுக்குச் சூட்டினார். கருங்கல் சுவர்களும் உயர்ந்த புகைபோக்கிகளும் பர்மாத் தேக்கு மரவேலைகளும் கொண்ட அந்த வீடு, 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் டியூடர் கட்டட முறையைத் தழுவியது. அதன் வரவேற்பறையும் நூலகமும் அக்காலத் தோற்றம் மாறாமல் இன்றும் பேணப்படுகின்றன. 1961 முதல் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடமாக விளங்கும் அவ்வீட்டின் நூலகத்தில் நிற்பவர் எவருக்கும், ஆங்கிலத் துப்பறியும் நாவலொன்றின் இறுதி அத்தியாயம், துப்பறிவாளர் அனைவரையும் கூட்டிக் குற்றவாளியைச் சுட்டும் அந்தக் காட்சி, இத்தகைய ஓர் அறையில்தான் நடக்கும் என்ற எண்ணம் எழாமலிராது.

அத்தகைய நாவல்களை எழுதிய அகதா கிறிஸ்டி, அடிசம் எழுந்து 7 ஆண்டுகளின் பின், 1938இல், டெவன் பகுதியில் டார்ட் ஆற்றின் கரையிலிருந்த கிரீன்வே என்ற பழைய மாளிகையை 6,000 பவுண் கொடுத்து வாங்கினார். 16ஆம் நூற்றாண்டில் அந்த நிலம் கில்பர்ட் குடும்பத்துக்கு உரியதாயிருந்தது. 1583இல் நியூபவுண்ட்லாந்தை இங்கிலாந்து அரசியின் உடைமையாக அறிவித்த ஹம்ப்ரி கில்பர்ட் அக்குடும்பத்தவர். கடல் கடந்து நிலம் கொண்டவர்களின் இடம், மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் கொலைக் கதை எழுதியவரின் விடுமுறை இல்லமாயிற்று. அங்கே இராவுணவு முடிந்ததும் குடும்பத்தாரும் விருந்தினரும் வரவேற்பறையில் அமர்ந்திருக்க, இன்னும் அச்சேறாத தம் நாவலின் அத்தியாயங்களை கிறிஸ்டி படித்துக்காட்டுவதும், கேட்டிருந்தவர்கள் கொலையாளி யாரென ஊகித்து ஒருவரோடொருவர் வாதிடுவதும் வழக்கமாயிருந்தன. அந்த மாலைகளில், கதையின் மாந்தரும் கேட்போரும் ஒரே வர்க்கத்தினர். கதை நடக்கும் வீடும் கதை படிக்கப்படும் வீடும் ஏறத்தாழ ஒன்றே. 1956இல் வெளிவந்த ‘டெட் மேன்ஸ் ஃபோலி’யில் கிரீன்வேயின் படகுத்துறை வீடே கொலை நடக்கும் இடமாகிறது. சந்தேகம் என்பது அங்கே சமமானவர்களிடையே சுற்றிவரும் ஒரு விளையாட்டு. யார் மீதும் விழலாம், நிரூபிக்கப்படும் வரை யாரையும் காயப்படுத்தாது.

இந்த விளையாட்டுக்கு எழுதப்பட்ட விதிகளும் இருந்தன. அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் 1928இல் வெளியிட்ட 20 விதிகளில் ஒன்று, வீட்டுப் பணியாளைக் குற்றவாளியாக்கக் கூடாது என்கிறது. அது பணியாளின் மானத்தைக் காக்கப் பிறந்த விதியன்று. பணியாள் மீது சந்தேகம் விழுவது மிக எளிது. ஆகவே அவரைக் குற்றவாளியாக்குவது வாசகரின் அறிவுக்கு இழுக்கு என்பதே அதன் காரணம். உண்மை வாழ்வில் அந்த எளிமை எவ்வளவு கொடியது என்பதற்கு, 1860இல் இங்கிலாந்தின் ரோட் ஹில் மாளிகையில் நிகழ்ந்த குழந்தைக் கொலை சான்று பகரும். அவ்வழக்கில் உள்ளூர்ப் பொலிஸார் முதலில் சந்தேகித்தது குழந்தையைப் பேணிய தாதியை. வீட்டு மகளான கான்ஸ்டன்ஸ் கெண்டைச் சந்தேகித்த லண்டன் துப்பறிவாளர் ஜோனதன் விச்சர் பழிச்சொல்லுக்கு ஆளானார். 5 ஆண்டுகளின் பின் கான்ஸ்டன்ஸ் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டார். கிறிஸ்டியும் இந்த அநீதியை உணராதவரல்லர். 1953இல் வந்த ‘எ பாக்கெட் ஃபுல் ஆஃப் ரை’ நாவலில் துப்பறியும் முதியவரான மிஸ் மார்ப்பிள் கொலை நடந்த வீட்டுக்குப் புறப்பட்டு வருவது செல்வந்தரின் சாவுக்காக அன்று, தாம் வேலை பழக்கிய ஏழைப் பணிப்பெண் கிளாடிஸ் கொல்லப்பட்டு இழிவுபடுத்தப்பட்டதற்காகவே. அவரது நாவல்களில் மனத்தை ஆழமாகத் தைக்கும் இடங்களுள் இதற்கு முதன்மை உண்டு.

ஊவாவின் தோட்டங்களில் நிலைமை தலைகீழாயிருந்தது. துப்பறியும் நாவலுக்கு வேண்டிய மூடிய உலகம் அங்கே முழுமையாக இருந்தது. மலைமுகட்டில் பெரிய துரையின் பங்களா, அதற்கும் கீழே சின்னத்துரையின் வீடு, பின்னர் கணக்கப்பிள்ளை முதலான உத்தியோகத்தரின் வீடுகள், இறுதியாகத் தொழிலாளர் குடும்பங்கள் ஒற்றை அறைகளில் வாழ்ந்த நீண்ட வரிசைக் குடியிருப்புகளான லயங்கள் என்ற அடுக்கு எங்கும் ஒரே மாதிரியானது. விடியலில் தப்பு அறைந்து அழைக்கப்படும் பெரட்டு, அதாவது அன்றைய வேலை பிரித்துத் தரப்படும் கூட்டம், யார் எங்கே இருக்கிறார் என்பதை நாள்தோறும் பதிவு செய்தது. தோட்டம் தனியார் நிலமாதலால் வெளியார் லயத்துக்குள் வருவதே அத்துமீறலாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் இந்த மூடிய உலகில் சந்தேகம் சுற்றிவரவில்லை. அது ஒரே திசையில், மேலிருந்து கீழாக, நிலையாக விழுந்துகொண்டிருந்தது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கும் தொழிலாளி சிறை செல்ல வேண்டிய குற்றவாளி. 1920களின் தொடக்கத்தில் அந்தத் தண்டனைப் பிரிவுகள் நீக்கப்படும் வரை, வேலையை விட்டுப் போவதே குற்றமாயிருந்த ஓரிடத்தில், யார் குற்றவாளி என்ற கேள்வியை ஒரு புதிராக எழுப்ப வழியே இருக்கவில்லை.

சட்டம் மாறிய பின்னும் பார்வை மாறவில்லை. 1940 மே மாதத்தில் பதுளைக்கு அருகிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தாமே ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர்; துரை அக்குழுவோடு கலந்து செயற்பட உடன்பட்டார்; ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் பொலிஸாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் களைந்தனர்; அதன் பின் கடும் ஒடுக்குமுறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. அதே மாதம் 12ஆம் திகதி கூட்டங்களுக்கிருந்த தடையை மீறிப் பதுளையில் கூட்டம் நடத்திய என். எம். பெரேரா, அடுத்த மாதமே இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியின் பிற தலைவர்களோடு சிறைப்பட்டார். அந்த ஆண்டில்தான் வில்லியர்ஸ், கொழும்பின் வணிக நிறுவனங்களின் வரலாற்றை எழுதிய நூலை வெளியிட்டார். நிறுவனங்களுக்கு வரலாறும் தொழிலாளருக்குப் பொலிஸ் பதிவேடும் வாய்த்த காலம் அது. மறு ஆண்டு மத்திய மாகாணத்தின் புசல்லாவைக்கு அருகிலுள்ள ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டு, தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்ட வழக்கு, மலையகம் முழுவதும் பல்லாண்டுகள் பேசப்பட்டது. அந்த வழக்கில் கொலைக்கு முந்திய மாதங்களின் வேலைநீக்கங்களும் தொழிற்சங்கப் பகையும் பின்னணியாக இருந்தன. தூக்குமேடைக்குச் சென்றவர்களின் வாழ்க்கை வரலாறு, நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்ட அளவுக்கு மேல் பரவலாக எழுதப்படவில்லை என்பது மனத்தை வருத்தும் செய்தி.

நீதிமன்றம் எதைக் காணத் தவறுகிறது என்பதை முன்பே நாவலாக்கியவர் ஓர் ஆங்கில அதிகாரியே. ஊவாவின் தென்புறக் காடுகளை ஒட்டிய அம்பாந்தோட்டை மாவட்டத்தில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராகவும் நீதவானாகவும் பணியாற்றிய லியோனார்ட் வுல்ஃப், 1913இல் ‘தி வில்லேஜ் இன் த ஜங்கிள்’ நாவலை வெளியிட்டார். அதில் சிலிந்து என்ற வேட்டைக்காரன் ஊர்த்தலைவனையும் கடன் கொடுப்பவனையும் கொல்கிறான். கொன்றவன் யார் என்பது வாசகருக்கு முதலிலேயே தெரியும். மறைந்திருப்பது அவனைக் கொலைக்குத் தள்ளிய நீண்ட அநீதி மட்டுமே. கிறிஸ்டியின் வரவேற்பறையில் கேட்கப்பட்ட ‘யார்’ என்ற கேள்வி, வுல்ஃபின் காட்டுக் கிராமத்தில் ‘ஏன்’ என்று மாறுகிறது. பிற்காலக் குற்றப் புனைவு முழுவதையும் விட இந்த ஒரு மாற்றமே பெரிதென மதிப்பிடலாம்.

தேயிலைத் தோட்டத்தை நேரடியாகக் களமாக்கிய நாவல் வெளிவர 2003ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது எனில் மிகையாகலாம். ஆனால் துப்பறியும் நாவலின் இலக்கணத்தையே விசாரணைக்கு உட்படுத்தியதில் அவ்வாண்டு வெளியான ‘தி ஹாமில்ட்டன் கேஸ்’ தனித்து நிற்கிறது. கொழும்பில் பிறந்து அவுஸ்திரேலியாவில் குடியேறிய மிஷெல் டி கிரெட்சர் எழுதிய அந்நாவலில், 1930களின் மலைநாட்டில் ஹாமில்ட்டன் என்ற வெள்ளைத் துரை கொல்லப்படுகிறார். சந்தேகம் வழக்கம்போல் தொழிலாளர் மீது விழுகிறது. ஒக்ஸ்போர்டில் பயின்ற சிங்கள வழக்கறிஞர் சாம் ஒபேசேகர, துப்பறியும் நாவல்களில் ஊறிய அறிவுக்கூர்மையோடு, கொலையாளி இன்னொரு வெள்ளையரே என்று வாதிட்டுப் புகழடைகிறார். ஆட்சியாளர்கள் அதை மறக்காததால் அவரது நீதிபதிக் கனவு கருகுகிறது. நாவல் அங்கே முடிவதில்லை. அவ்வழக்கோடு தொடர்புடைய ஒரு தமிழர், வெளிநாட்டில் வாழும் முதிய வயதில், வேறொரு விளக்கத்தை முன்வைக்கும்போது, சாமின் தெளிவான விடையும் ஐயத்துக்கு உள்ளாகிறது. நாட்டுப்புற மாளிகை நாவல் தரும் உறுதியான முடிவு, குடியேற்ற நாட்டில் கிட்டாத ஒன்று என்பதை ஆசிரியர் கதையின் அமைப்பிலேயே நிறுவிவிடுகிறார்.

எனினும் அங்கும் லயத்தின் குரல் மெலிதாகவே ஒலிக்கிறது. அக்குரலைத் தேடுவோர் ஊவாவின் சொந்த எழுத்தாளரிடமே வர வேண்டும். 1934இல் பதுளை மாவட்டத்து ஊவா கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப், துப்பறியும் நாவல் எதையும் எழுதியவரல்லர். ஆனால் அவரும் அவர் தலைமுறை மலையக எழுத்தாளரும் பதிவு செய்த குற்றங்கள் பொலிஸ் புத்தகத்தில் ஏறாதவை: நிறுவை குறைத்துக் காட்டப்பட்ட கொழுந்து, முழுநாள் உழைத்தவருக்குப் பாதிக் கூலியே எழுதப்படும் அரைப்பேர், சிறு பிழைக்காக நாட்கூலியே மறுக்கப்படும் பெயர்வெட்டு ஆகியன அவை. கொலையாயுதம் பேனாவாகவும் தடயம் செக்ரோலாகவும், அதாவது அன்றாட வருகைப் பதிவேடாகவும் இருந்த குற்றங்கள் என்று இவற்றைக் கூறுவது தகும். 2010இல் வெளிவந்த அவரது ‘குடை நிழல்’ நாவலில், தோட்டத்திலிருந்து வெளியேறிக் கொழும்பில் வாழும் மலையகத் தமிழர் ஒருவர், குற்றம் எதுவும் செய்யாமலே சந்தேகத்தின் பேரில் கைதாகிறார். கிரீன்வேயின் வரவேற்பறையில் விளையாட்டாயிருந்த அதே சந்தேகம், இங்கே ஒரு குடும்பத்தின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது. ஆண்டு 1931 அல்ல, துரையும் பங்களாவும் இல்லை, தட்டப்படும் கதவு மட்டும் லயத்தில் பிறந்தவருடையதாகவே இருக்கிறது.