நோயாளி இருக்கும் வீட்டில் நாயும் பூனையும்

நீண்ட சிகிச்சை தொடங்கிய வீட்டில் செலவுக் கணக்கை எடுத்து அமர்ந்தால், ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரும் பேனா பெரும்பாலும் வளர்ப்புப் பிராணியிடம் வந்து நிற்கிறது. ‘யாரிடமாவது கொடுத்துவிடலாமா?’ என்ற பேச்சு எழுகிறது. அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் நோயாளி தம் கருத்தைச் சொல்வதில்லை. தம்மால் ஆன செலவே போதும் என்று எண்ணிக்கொள்கிறார். முடிவெடுக்குமுன் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது என்று பார்ப்பது நல்லது.

குறைக்கக்கூடியவற்றுள் முதலாவது உணவு. கடைத்தீவனம் ஒன்றே நாய்க்கு ஏற்றது என்பதில்லை. சோற்றுடன் வேகவைத்த முட்டை, கோழி இறைச்சி, சிறிது ஈரல், பரங்கிக்காய் ஆகியவற்றை உப்பும் காரமும் இன்றிக் கலந்து கொடுக்கலாம். பாதித் தீவனம், பாதி வீட்டுச் சோறு என்று கொடுத்தாலும் செலவு குறையும். வெறும் பால்சோறு மட்டும் போதாது. குட்டிகளுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறையாதிருக்கக் கால்நடை மருத்துவரை ஒருமுறை கேட்டுக்கொள்வது அவசியம். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. குழம்பில் கிடந்த எலும்பையும் போடலாகாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பூனையின் கதை வேறு. புலால் இன்றி அது வாழாது; வேகவைத்த மீனையும் கோழியையும் மாற்றி மாற்றிக் கொடுக்கவேண்டும். பூனைக்குப் பால் வாங்கும் செலவைத் தயங்காமல் நிறுத்தலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றிற்கு அது வயிற்றுப்போக்கையே தரும். வாசனைச் சோப்பு, உடை, விளையாட்டுப் பொருள் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசியை மட்டும் எக்காரணங்கொண்டும் தள்ளிப்போடலாகாது. குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி, பின்னர் மருத்துவர் குறிக்கும் நாளில் தொடர்ந்து போடவேண்டும். அரசுக் கால்நடை மருந்தகங்களில் செலவு மிகக் குறைவு. சென்னையில் இருப்போர் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நாடலாம். செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். அதையொட்டிப் பல ஊர்களில் இலவச முகாம்கள் நடைபெறுவதுண்டு. கருத்தடை அறுவையும் ஒருமுறைச் செலவே. செய்யாத பெண் நாய்க்குப் பிற்காலத்தில் கருப்பையில் சீழ் கட்டினால், அவசர அறுவைக்கு ஆகும் தொகை அதனினும் பெரிது.

சிக்கனமென்று கருதிச் சிலர் செய்யும் ஒன்று பேராபத்தானது: வீட்டிலுள்ள மாத்திரையைப் பிராணிக்குக் கொடுப்பது. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு ஐபுபுரூஃபன் கொடுத்தால் வயிறு புண்ணாகும், சிறுநீரகம் கெடும். நோயாளியின் மருந்துப் பெட்டி எப்போதும் மூடியிருக்கட்டும்.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்வோர், உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோர் ஆகியோருக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். வீட்டில் பிராணி இருப்பதை அவர்கள் தம் மருத்துவரிடம் தவறாமல் கூறவேண்டும். பூனையின் கழிவுத் தட்டை வேறொருவர் நாள்தோறும் சுத்தம் செய்யட்டும். அக்கழிவிலுள்ள டாக்சோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலையை அடைய ஒரு நாளேனும் ஆகும் என்பதால், அன்றன்றே அகற்றுவதில் பயனுண்டு. கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். பிராணிக்குப் பச்சை இறைச்சி வேண்டாம். தொட்டபின் சோப்பால் கைகழுவுங்கள். கடியோ கீறலோ பட்டால், தடுப்பூசி போட்ட பிராணியே ஆயினும், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் காப்பாற்ற ஏறக்குறைய வழியே இல்லை.

நோயாளி மருத்துவமனையில் தங்கும் நாள்களில் சோறு வைப்பவர் யார் என்பதை முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இவ்வேலையை விரும்பியே ஏற்பார்கள். உணவின் அளவையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் கொடுத்தே ஆகவேண்டிய நிலை வருமாயின், அறிமுகமான ஒருவரிடம் தடுப்பூசிக் குறிப்பேட்டுடன் ஒப்படையுங்கள். நோயாளியிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பசியால் வாடும்படி தெருவில் விட்டுவருவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும்.