வண்ணம் வேறு, வாயு வேறு

விண்மீன்களுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயுவும் தூசும் சேர்ந்ததே நெபுலா. அதற்குள்ளோ அருகிலோ வெப்பம் மிகுந்த விண்மீன் ஒன்று இருந்தால், அதன் புறஊதாக் கதிர்கள் வாயு அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிகின்றன. பிரிந்த எலக்ட்ரான் மீண்டும் அயனியோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. எலக்ட்ரான் மோதிக் கிளர்ந்த அயனி தணியும்போதும் பிறக்கிறது. இந்த ஒளி எல்லா நிறங்களிலும் பரவியிருப்பதில்லை. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய சில அலைநீளங்களில் மட்டும் ஒளிர்கிறது. ஹைட்ரஜனின் செந்நிற ஆல்ஃபா கோடு 656.3 நானோமீட்டரில் இருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின் பசுநீலக் கோடு 500.7இல். ஓர் எலக்ட்ரானை இழந்த கந்தகத்துக்கு 671.6, 673.1 என அடர்சிவப்பில் இரட்டைக் கோடுகள். இவற்றைத் தனித்தனியாகப் படமெடுத்துக் கணினியில் ஒன்றுசேர்ப்பதைக் குறும்பட்டை வானொளிப்படக் கலை என்கிறார்கள்.

கோட்டைப் பார்த்துப் பொருளைச் சொல்லும் முயற்சி பழையது. அதில் வெற்றியும் சறுக்கலும் உண்டு. 1864 ஆகஸ்ட் 29 அன்று வில்லியம் ஹக்கின்ஸ் டிராகோ விண்மீன் குழுவில் உள்ள பூனைக்கண் நெபுலாவை நிறமாலைமானி வழியே பார்த்தார். தொடர்ச்சியான நிறமாலைக்குப் பதில் ஒரு சில கோடுகளே தெரிந்தன. அந்த நெபுலா விண்மீன் கூட்டமல்ல, ஒளிரும் வாயு என்பது அன்று உறுதியானது. ஆனால் மிகப் பிரகாசமான பச்சைக் கோடு அன்று அறியப்பட்ட எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது, சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து சூரிய விளிம்பில் ஒரு மஞ்சள் கோட்டைக் கண்டார். அது சோடியம் கோட்டின் இடத்திலேயே இருக்கிறதா, அருகில் இருக்கிறதா என்பதை அவரால் அறுதியிட முடியவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் லண்டனில் நார்மன் லாக்கியர் அது சோடியம் அல்ல என்று காட்டினார். ஹீலியம் என்ற புதிய தனிமம் இப்படித்தான் பெயர் பெற்றது. 1895இல் பூமியிலும் அகப்பட்டது. இந்த வெற்றியைப் பார்த்தவர்களுக்கு, நெபுலாவின் பச்சைக் கோட்டையும் புதிய தனிமம் என்று நம்புவது எளிதாக இருந்தது. ‘நெபுலியம்’ என்று பெயரும் வைத்தார்கள். அப்படி ஒரு தனிமமே கிடையாது. 1927இல் ஐரா போவன் அது இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் என்று நிறுவினார். ஆய்வகத்து வாயுவில் அணுக்கள் நெருக்கமாக இருப்பதால், கிளர்ந்த அயனி ஒளி விடுவதற்கு முன்பே வேறோர் அணுவோடு மோதி ஆற்றலை இழந்துவிடும். நெபுலாவில் மோதுவதற்கு ஆள் இல்லை. அங்கே அயனி நின்று நிதானமாக ஒளிவிடுகிறது.

சாதாரண வண்ணப் படத்துக்கான சிவப்பு ஃபில்டர் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அகலமான ஒளியை உள்ளே விடும். குறும்பட்டை ஃபில்டர்களின் அகலம் 12, 7, அல்லது 3 நானோமீட்டர்தான். இருண்ட வானம் இல்லாதவர்களுக்கு இது பெரும் வசதி. மீஞ்சூரை எடுத்துக்கொள்ளலாம். தெற்கே சென்னையின் வெளிச்சம். சுற்றிலும் அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்கள், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். வெறும் கேமராவை நீட்டினால் வானம் சாம்பலும் ஆரஞ்சுமாகவே பதியும். சோடியம் விளக்கின் ஒளி 589 நானோமீட்டரை ஒட்டியது. ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஃபில்டர் அதை அப்படியே தள்ளிவிடும். வெள்ளை எல்.இ.டி. விளக்கு அவ்வளவு எளிதில் விலகாது. அதன் ஒளி பரந்து கிடப்பதால் ஒவ்வொரு ஃபில்டரிலும் கொஞ்சம் கசியும். நிலவொளியும் சேர்ந்துகொண்டால் முதலில் கெடுவது ஆக்சிஜன் படம். எனவே நிலவு இல்லாத இரவுகளை ஆக்சிஜனுக்கு ஒதுக்கி, மற்ற இரவுகளை ஹைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் விடுவது வழக்கம்.

மீஞ்சூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை ஒட்டிய குப்பங்களில் வானம் வடக்கும் கிழக்கும் திறந்து கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரை ஓரியன் நெபுலாவும் ரோசெட் நெபுலாவும் முன்னிரவில் உச்சிக்கு அருகே வரும். தென்வானத்தின் பேரழகான கரீனா நெபுலா இங்கிருந்து அடிவானத்துக்கு மேல் சுமார் 17 பாகைதான் ஏறும். அதுவும் சென்னை வெளிச்சத்தின் தலைக்குமேல். உப்புக் காற்றும் பனியீரமும் இன்னொரு தொல்லை. லென்ஸைச் சுற்றிச் சூடேற்றும் பட்டை கட்டாவிட்டால் நள்ளிரவுக்கு முன்பே கண்ணாடி வியர்த்துவிடும்.

படம் எடுத்து முடிந்ததும் முதல் வேலை, கருவியின் குறைகளைக் கழிப்பது. மூடியை மூடியபடி, அதே வெப்பநிலையில், அதே நேர அளவுக்கு எடுத்த ‘டார்க்’ படம் சென்சாரின் சொந்த வெப்பச் சமிக்ஞையைக் காட்டும். அதைக் கழிக்க வேண்டும். சீரான வெளிச்சத்தில் எடுத்த ‘ஃப்ளாட்’ படம் ஃபில்டரில் ஒட்டிய தூசையும் ஓரத்து இருட்டையும் காட்டும். அதைக் கொண்டு வகுக்க வேண்டும். பிறகு ஐந்து, பத்து நிமிடப் படங்களை விண்மீன்களை வைத்துப் பொருத்தி அடுக்க வேண்டும். 16 படங்களைச் சராசரி கண்டால் இரைச்சல் கால் பங்காகக் குறையும். 64 படங்களுக்கு எட்டில் ஒரு பங்கு. ஒரே ஒரு படத்தில் மட்டும் தெரியும் செயற்கைக்கோள் கோட்டை, மற்றவற்றோடு ஒப்பிட்டு மென்பொருளே நீக்கிவிடும்.

அடுத்து வருவது பின்னணி வெளிச்சத்தைக் கழிப்பது. மீஞ்சூர் போன்ற இடத்தில் படத்தின் ஒரு மூலை மற்றதைவிட வெளுத்திருக்கும். நெபுலா இல்லாத இடங்களைக் குறித்து, அவற்றின் வழியே ஒரு சாய்தளத்தைக் கணக்கிட்டுக் கழிப்பார்கள். இங்கே அவசரப்பட்டால் மங்கிய நெபுலாவே பின்னணி என்று கருதப்பட்டுக் கழிந்துபோகும்.

இதுவரை செய்தவை அனைத்தும் நேர்விகிதக் கணக்குகள். ஒரு புள்ளியில் இரண்டு மடங்கு ஒளி விழுந்திருந்தால் எண்ணும் இரண்டு மடங்காகவே இருக்கும். அடுத்த படியான ‘ஸ்ட்ரெச்’ அந்த உறவை முறித்துவிடுகிறது. மங்கலானதைக் கண்ணுக்குக் கொண்டுவர இருட்டுப் பகுதிகளை மட்டும் பல மடங்கு உயர்த்துவார்கள். படம் அழகாகும், அளவு போய்விடும். நெபுலாவின் பொருளை அறிய விரும்புபவர் ஸ்ட்ரெச் செய்யாத பிரதியைத் தனியே பாதுகாத்து, எல்லா அளவீட்டையும் அதில்தான் செய்ய வேண்டும். பழகியவர்களும் அடிக்கடி மீறும் விதி இது.

வண்ணம் சேர்ப்பது கடைசியில். கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்பது பரவலான முறை. 1995 ஏப்ரல் 1 அன்று ஹப்பிள் தொலைநோக்கியால் ஜெஃப் ஹெஸ்டரும் பால் ஸ்கோவனும் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் படம்தான் இதை உலகெங்கும் பரப்பியது. இயற்கையில் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவும் கந்தகமும் இரண்டுமே சிவப்பு. ஒன்றைப் பச்சையாக்குவது அலைநீள வரிசையைக் காப்பதற்கும் வேறுபாட்டைக் காட்டுவதற்கும் செய்த ஏற்பாடு; அதில் பொய் இல்லை. ஆனால் ஹைட்ரஜன் எங்கும் நிறைந்திருப்பதால் படம் முழுக்கப் பச்சையாகிவிடும். பலர் பச்சையைக் குறைத்துப் பொன்னிறமாக்குகிறார்கள். அந்தப் பொன்னிறம் வாயுவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அதைச் செய்தவரின் ரசனையைச் சொல்கிறது.

இதைவிடப் பெரிய பிழை, பிரகாசத்தை அளவு என்று எண்ணுவது. நீலம் ஓங்கிய படத்தைப் பார்த்து “இங்கே ஆக்சிஜன் அதிகம்” என்பது, சந்தையில் உரக்கக் கூவுபவரிடம்தான் அதிக மீன் இருக்கிறது என்று நினைப்பது போல. சூரியனில் ஓர் ஆக்சிஜன் அணுவுக்குச் சுமார் 2,000 ஹைட்ரஜன் அணுக்கள்; அண்டையிலுள்ள நெபுலாக்களிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். ஆனாலும் முதிர்ந்த விண்மீன்கள் உதிர்த்த வாயுக்கூடுகளான கோள்வடிவ நெபுலாக்கள் பலவற்றில் 500.7 கோடு ஹைட்ரஜன்-ஆல்ஃபாவைவிட மூன்று மடங்குக்கு மேல் பிரகாசிக்கிறது. ஆக்சிஜன் அயனியைக் கிளர்ச்சியூட்ட சுமார் 2.5 எலக்ட்ரான் வோல்ட் போதும்; 10,000 கெல்வின் வாயுவில் அது தாராளமாகக் கிடைக்கும். ஹைட்ரஜனின் முதல் படிக்கே 10.2 எலக்ட்ரான் வோல்ட் தேவை. எனவே அது பெரும்பாலும் எலக்ட்ரானோடு மீண்டும் சேரும்போது மட்டுமே ஒளிர்கிறது.

கந்தகம் ஓர் எலக்ட்ரானை இழக்க 10.4 எலக்ட்ரான் வோல்ட் போதும், 23.3 கிடைத்தால் இரண்டாவதையும் இழந்து, மேற்சொன்ன இரட்டைக் கோடுகளை விடுவதை நிறுத்திவிடும். ஆக்சிஜன் இரண்டாவது எலக்ட்ரானை இழக்க 35.1 வேண்டும். ஆகவே ஆக்சிஜன் ஒளி வெப்ப விண்மீனுக்கு அருகிலும், கந்தக ஒளி நெபுலாவின் விளிம்பிலும் தெரிவது இயல்பு. குறும்பட்டை வண்ணப் படத்தில் காண்பது தனிமங்களின் வரைபடத்தைவிடக் கதிர்வீச்சு எட்டும் எல்லைகளின் வரைபடம் என்பதே பொருந்தும்.

ஃபில்டரின் பெயரையும் முழுதாக நம்ப முடியாது. 654.8, 658.4 நானோமீட்டர்களில் நைட்ரஜன் கோடுகள் இருக்கின்றன. 7 நானோமீட்டர் அகலமான ‘ஹைட்ரஜன்’ ஃபில்டர் இரண்டையும் உள்ளே விடும். நைட்ரஜன் செறிந்த கோள்வடிவ நெபுலாவில் அந்தப் படத்தின் பெரும்பகுதி நைட்ரஜனாகவே இருக்கலாம். பிரிக்க வேண்டுமானால் 3 நானோமீட்டர் ஃபில்டர் தேவை. விண்மீன்களின் தொடர் ஒளியும் எல்லா ஃபில்டரிலும் கலந்திருக்கும். அகலமான சிவப்பு ஃபில்டரில் இன்னொரு படம் எடுத்து, விண்மீன்கள் மறையும் அளவுக்கு அதைச் சுருக்கிக் கழித்தால் கோட்டின் ஒளி மட்டும் எஞ்சும்.

அப்படி எஞ்சிய இரண்டு படங்களை ஒன்றால் ஒன்றை வகுக்கும்போதுதான் இயற்பியல் பேசத் தொடங்குகிறது. விண்மீன்கள் ஒளியூட்டும் சாதாரண நெபுலாவில் ஹைட்ரஜன்-ஆல்ஃபாவோடு ஒப்பிடக் கந்தக ஒளி சிறிது. விண்மீன் வெடித்துச் சிதறிய அதிர்வலை வாயுவைத் தாக்கும் இடத்தில் அது பெருகும். இந்த விகிதம் 0.4ஐத் தாண்டினால் சூப்பர்நோவா எச்சம் என்று ஐயப்படலாம் என்பது வானியலாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் அளவுகோல். மிதுன ராசியில் உள்ள ஜெல்லிமீன் நெபுலா இதைச் சோதிக்க ஏற்றது. மீஞ்சூரில் அது சுமார் 80 பாகை உயரம் வரை ஏறும். கந்தகத்தின் இரட்டைக் கோடுகளை ஒன்றோடொன்று வகுத்தால் வாயுவின் அடர்த்தி தெரியும். ஆனால் அவற்றுக்கு இடையே 1.5 நானோமீட்டரே இடைவெளி என்பதால், அதற்கு ஃபில்டர் போதாது, நிறமாலைமானி வேண்டும்.

ஃபில்டர்களை ஒப்பிட்டே பொருளைக் கண்டறிந்ததற்கு ஒரு நல்ல சான்று, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா தீவிலிருந்தே புறப்பட்டது. ராக்கெட் ஏவும் நாளில் குப்பத்துப் படகுகளைக் கடலுக்குள் போக வேண்டாம் என்பார்கள். ஏரிக்கரையில் கூட்டம் கூடும். 2015 செப்டம்பர் 28 காலை 10 மணிக்கு பி.எஸ்.எல்.வி.-சி30 ராக்கெட் ஆஸ்ட்ரோசாட் என்ற வானியல் செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. அதில் இருந்த புறஊதாப் படக் கருவியை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து உருவாக்கியது. சுமார் 38 செ.மீ. விட்டமுள்ள இரண்டு தொலைநோக்கிகள் அதில் உண்டு. அது நீண்ட நேரம் திறந்து வைத்துப் படமெடுப்பதில்லை. விநாடிக்குச் சுமார் 29 முறை ஃபோட்டான்களை எண்ணிப் பதிவு செய்கிறது. செயற்கைக்கோளின் ஆட்டத்தைப் பின்னர் தரையில் கணக்கிட்டு, ஒவ்வொரு பதிவையும் நகர்த்தி அடுக்குகிறார்கள். வீட்டு மாடியில் செய்யும் அதே அடுக்கல்தான். வேகம் மட்டும் வேறு.

என். காமேஸ்வர ராவும் அவரது குழுவும் என்.ஜி.சி. 40 என்ற கோள்வடிவ நெபுலாவை இக்கருவியின் நான்கு பட்டைகளில் படமெடுத்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்று எலக்ட்ரான்களை இழந்த கார்பனின் 155 நானோமீட்டர் ஒளியும், ஓர் எலக்ட்ரானை இழந்த கார்பனின் 232.6 நானோமீட்டர் ஒளியும் தனித்தனியே வரைபடமாயின. முன்னது எக்ஸ்-கதிர் வெளிப்படும் பகுதிகளோடு ஒத்திருந்தது. எதிர்பாராதது வேறொன்று. 160.8 நானோமீட்டரை மையமாகக் கொண்ட பட்டையில் மட்டும் நெபுலாவைச் சுற்றி மங்கிய பெரிய ஒளிவட்டம் தெரிந்தது. மற்ற மூன்றிலும் அது இல்லை. தூசு சிதறடித்த விண்மீன் ஒளியாக இருந்தால் அக்கம்பக்கத்துப் பட்டைகளிலும் தெரிந்திருக்க வேண்டும். விண்மீனின் புறஊதாக் கதிரை உறிஞ்சி அந்த அலைநீளத்தில் திருப்பி உமிழ்வது ஹைட்ரஜன் மூலக்கூறு. எனவே ஒளிவட்டம் பெரும்பாலும் மூலக்கூறு ஹைட்ரஜன்தான் என்று முடிவு செய்தார்கள். அந்த ஃபில்டரின் அகலம் சுமார் 29 நானோமீட்டர். குறும்பட்டை என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாது. ஒன்றில் தெரிந்து மற்றதில் தெரியாததைக் கவனிக்கும் தர்க்கம் மட்டும் அதுவே.

ஆஸ்ட்ரோசாட்டின் பதிவுகள், நோக்கியவர்களுக்கு மட்டுமே உரிய காலம் முடிந்தபின், இந்திய விண்வெளி அறிவியல் தரவு மையத்தின் காப்பகத்தில் பொதுவில் வைக்கப்படுகின்றன. பதிவு செய்துகொண்டால் பொன்னேரியிலோ மீஞ்சூரிலோ இருக்கும் கல்லூரி மாணவரும் அவற்றை இறக்கிக்கொள்ளலாம். தானே எடுத்த படங்களை அடுக்க சிரில் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. தொடங்குபவர் என்.ஜி.சி. 40ஐயே எடுத்துக்கொண்டு, நான்கு பட்டைகளையும் வண்ணம் பூசாமல், அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.